ஸ்ட்ராவின்ஸ்கியின் பியானோ கான்செர்ட்டோவில் வயலின்கள் ஏன் இல்லை?

கேள்வி:
வணக்கம். இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி பியானோவுக்கும் காற்றுக்கருவிகளுக்கும் 1923-24இல் எழுதிய கான்செர்ட்டோவை (தனிக்கருவி முன்னிற்க இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஒரு வாரமாகக் கேட்டு வருகிறேன். மொசார்ட்டிலும் பீத்தோவனிலும் பழகிய காதுக்கு, வயலினும் செல்லோவும் அறவே இல்லாத இந்த ஒலி வறட்சியாகவே படுகிறது. அவற்றை விலக்கியதற்கு இசை சார்ந்த காரணம் உண்டா? விலக்கினார் என்றால், காணொளியில் வயலின் குடும்பத்தின் பெரிய கருவியான டபுள் பாஸ் வாசிப்பவர்கள் நிற்கிறார்களே, அது எப்படி?

பதில் 1:
அடித்து எழுப்பும் ஒலியோடு ஊதி எழுப்பும் ஒலி இணங்கும், வில்லால் இழைத்து எழுப்பும் ஒலி இணங்காது என்பது அவர் கருத்து. சுத்தியல் தந்தியில் பட்ட கணத்திலிருந்தே பியானோவின் ஒலி தேயத் தொடங்குகிறது. ஓபோ என்ற குழல்கருவியும் கொம்பும் மூச்சு உள்ளவரை அதே சுரத்தைத் தாங்கி நிற்கும். தொடக்கத்தில் காற்றுக்கருவிகள் மட்டும் மெதுவான அணிவகுப்பு நடையில் வருவதையும், அது ஓய்ந்த பிறகே பியானோ வேகமாகப் பாய்வதையும் சேர்த்துக் கேட்டால் இந்த வேறுபாடு நன்றாகப் புரியும். டபுள் பாஸும் டிம்பனி என்ற முரசும் கீழ்த்தாயி ஒலிக்குக் கனம் கூட்டவே இருக்கின்றன என்று நினைக்கிறேன். தலைப்பு அவற்றைச் சொல்லாமல் விட்டது கொஞ்சம் குறும்புதான்.

1924 மே 22 அன்று பாரிஸ் ஓபராவில் நடந்த இதன் முதல் அரங்கேற்றத்தில் கூசெவிட்ஸ்கி இசைக்குழுவை நடத்த, ஸ்ட்ராவின்ஸ்கியே பியானோ வாசித்தார். முதல் பகுதி முடிந்ததும் இரண்டாம் பகுதி எப்படித் தொடங்கும் என்பது அவருக்கு அடியோடு மறந்துவிட, கூசெவிட்ஸ்கி மெல்ல முனகிக் காட்டிய பிறகே கை நகர்ந்தது.

பதில் 2:
முந்தைய பதிலில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. வில்லும் சுத்தியலும் இணங்காது என்பது ஸ்ட்ராவின்ஸ்கி அப்போது தேடிய ஒலிக்குப் பொருந்தலாமே தவிர, பொது விதியாகாது. பியானோவும் வில்லால் வாசிக்கும் நான்கு கருவிகளும் சேர்ந்த பிராம்ஸின் பியானோ குவின்டெட் ஒன்றே அதற்குப் போதிய சான்று. இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க் 1925இல் முடித்த சேம்பர் கான்செர்ட்டோவில் பியானோவும் வயலினும் 13 காற்றுக்கருவிகளும் உண்டு. ஆனால் அவரும் அவசரப்படவில்லை: முதல் பகுதி பியானோவுக்கு, இரண்டாவது வயலினுக்கு, மூன்றாவதில்தான் இரண்டும் முழுமையாகச் சேர்கின்றன. அந்த இரண்டாம் பகுதி நடுவை எட்டியதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் பின்னோக்கித் திரும்புகிறது. அதுவரை வாளாவிருந்த பியானோ, சரியாக அந்தத் திருப்பத்தில் மட்டும், கீழ்த்தாயியில் ஒரே சுரத்தை 12 முறை, நள்ளிரவு மணிபோல, மிக மெதுவாக ஒலித்துவிட்டு மீண்டும் அடங்கிவிடுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஸ்ட்ராவின்ஸ்கியின் தொடக்கத்தை ஹெட்ஃபோனில் மறுபடி கேட்டேன்; வறட்சி என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெர்க்கின் அந்த 12 மணிகளை இன்றிரவு எண்ணிப் பார்க்க வேண்டும்.