முன்வார்ப்பு முகப்பு: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலை மாணவர்களுக்கான பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். பிரான்சின் லு ஆவ்ர் நகரம் பற்றியது. 1944 குண்டுவீச்சில் அழிந்த நகர மையத்தை கட்டடக்கலைஞர் ஒகுஸ்த் பெரே கான்கிரீட்டில் மீண்டும் எழுப்பினார். 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்கே தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் இடையில், தனியே வார்த்தெடுத்துப் பொருத்திய பலகைகள் இருக்கின்றன. முன்கூட்டியே வார்த்த இந்தப் பலகை முகப்பை (precast facade) 'முன்வார்ப்பு முகப்பு' என்றும், அதன் heritage value-ஐ 'மரபு மதிப்பு' என்றும் எழுதியிருக்கிறேன். சரிதானா?
— க.

சரியில்லை, தம்பி. 'முன்' காலத்துக்கும் வரும், இடத்துக்கும் வரும். நன்னூலார் அதை இடப்பொருள் உருபுகளில் வைத்திருக்கிறார். பக்கத்திலேயே முகப்பு நின்றால், வீட்டின் முன்பக்கத்தில் வார்த்தது என்றுதான் மாணவன் படிப்பான். கொல்லைப்புறச் சுவருக்குப் பின்வார்ப்பா? 'வார்' அருமையான வேர். தோசை வார்க்கிறோம், நீர் வார்க்கிறோம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் வார்த்தவைதாம். 'வார்ப்புமுகம்' போதும். கான்கிரீட்டையும் கற்காரை ஆக்கிவிடுங்கள். காரைவீடு என்று சொன்னவர்கள்தானே நாம்!
— மு.

ஐயா, வேலை நடக்கும் இடத்தில் கற்காரை கேட்டால் கொத்தனார் என்னைத்தான் பார்ப்பார். அங்கேயே தளம் போடுவதும் வார்ப்புதான். ஆகவே 'முன்' போனால் பொருளே போய்விடும். 'முகம்' இன்னும் ஆபத்து. லு ஆவ்ரில் பாரத்தைச் சட்டகம் தாங்குகிறது, பலகை இடைவெளியை அடைக்கிறது. லண்டனின் ரோனன் பாயின்ட் அடுக்குமாடிக் குடியிருப்பில் பலகைகளே சுவர், அவையே பாரம் தாங்கின. 1968 மே மாதம் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்துச் சுவர் பிடுங்கிக்கொண்டதும், 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. இரண்டையும் 'முகம்' என்றால் எதைப் பேணுவது, எதைக் கழற்றலாம் என்று மாணவனுக்கு எப்படித் தெரியும்? 'முன்வார்ப்புப் பலகை' என்பதே என் வாக்கு.
— செ.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் கொங்கிறீற்று என்போம். அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன். ஆனால் 'மரபு மதிப்பு' வேண்டாம், 'மரபுரிமைப் பெறுமதி' என்று எழுதுங்கள். நேற்றைய கட்டடம் மரபாகாது என்பவருக்கும் 'உரிமை' பதில் சொல்லும். இன்னொன்று: பெரே பல இடங்களில் கான்கிரீட்டின் மேற்பரப்பைக் கொத்தி உள்ளிருக்கும் சல்லியின் நிறத்தை வெளியே கொண்டுவந்தார். மேலே பெயின்ட் அடித்தால் பெறுமதி போய்விடும். அந்தக் கொத்தலுக்குச் சொல் யோசித்தீர்களா?
— ந.

அம்மி பொளிதல்! பொளி, பொள், பொள்ளல், பொளிவாய்... இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.
— மு.

நன்றி. 'முன்வார்ப்புப் பலகை' என்றே அனுப்பிவிட்டேன். கான்கிரீட் கான்கிரீட்டாகவே இருக்கிறது. மரபுரிமை ஏற்றேன், பெறுமதியை மதிப்பாக்கிவிட்டேன். மன்னிக்கவும், அண்ணா.
— க.

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். முன் என்றால் எதற்கு முன்?
— மு.