பிரேக் மிதிச்சாலும் கியர் லிவர் 'பி'ய விட்டு நகர மாட்டேங்குது, ஆருக்காச்சும் தெரியுமுங்களா?

காங்கயம்காரி:
வணக்கமுங்க. நம்ம வண்டி 2016 மாடல் ஆட்டோமேட்டிக், பெட்ரோல், சாவி போட்டுத் திருகற டைப்புதான், பட்டன் இல்லீங்க. செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, இத்தன நாளா ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல. போன வாரத்துல இருந்து என்ன ஆகுதுன்னா இஞ்சின் ஒரே திருகுல ஸ்டார்ட் ஆயிருது, ஏசி ஓடுது, எல்லாம் ஓடுது, ஆனா பிரேக்க மிதிச்சுட்டு லிவரை 'பி'ல (பார்க்கிங்) இருந்து 'ஆர்'க்கு (ரிவர்ஸ்) இழுத்தா அசையவே மாட்டேங்குதுங்க. பத்துத் தடவ மிதிச்சு மிதிச்சு விட்டா ஒரு தடவ வந்துருது, அதுக்கப்புறம் ரோட்டுல ஓட்டறதுக்கு எந்தக் கொறையும் இல்ல, டி (முன்னால ஓட்டற கியர்), ஆர் எல்லாம் வெண்ணையாட்டம் விழுகுது. நேத்துப் பொழுதோட சந்தைல இருந்து கெளம்பறப்ப சுத்தமா மாட்டிக்கிச்சு, பின்னாடி தக்காளி வண்டிக்காரரு ஹாரன் மேல ஹாரன்.
ஒரு பட்டறைல காட்டுனேன், லிவர் அசெம்ப்ளி முழுசா மாத்தோணும், அதுக்கும் கேக்கலைன்னா கியர்பாக்ஸ எறக்கிப் பாக்கோணும், எப்படியும் 40 ஆயிரம் ஆகும்னு சொல்றாங்க. ஆடிப் பதினெட்டுக்கு அம்மாவக் கூட்டிட்டு பவானி கூடுதுறை போகோணும். என்ன பண்றதுன்னே தெரியல, கொஞ்சம் சொல்லுங்களேன்.

பொள்ளாச்சி தம்பி:
அக்கா கியர் ஆயில் எப்ப மாத்துனீங்க? ஆயில் கருத்துப் போச்சுன்னா இப்படித்தான் டைட் ஆகும்னு எங்க மாமா சொல்வாரு. மொதல்ல ஆயில மாத்திப் பாருங்க.

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:
தம்பி, ஆயில் கெட்டுப் போனா ஓடறப்ப உதறும், கியர் விழுகறப்ப இடிக்கும், லிவரப் பூட்டு போட்டாப்ல புடிக்காது. அம்மணி, நீங்க கியர்பாக்ஸ் பக்கமே போக வேண்டாம், காசையும் எடுத்து நீட்ட வேண்டாம். ரெண்டே ரெண்டு விசயம் பாத்து சொல்லுங்க. லிவர் மாட்டிக்கற நேரத்துல பிரேக்க மிதிச்சா பின்னாடி செவப்பு லைட்டு எரியுதா? லிவருக்கு அடில சின்னதா 'டிக்'னு ஒரு சத்தம் கேக்குதா? ஆள் இல்லைன்னா ராத்திரில வெள்ளச் செவுத்துக்கு முதுகு காட்டி வண்டிய நிறுத்தி மிதிச்சுப் பாருங்க, செவுத்துல செவப்பு விழுகுதான்னு கண்ணாடில தெரிஞ்சுரும். நல்லா இருக்கற நேரத்துல பாத்துட்டு எரியுதுன்னு சொல்லீராதீங்க, மாட்டிக்கற நேரத்துலதான் பாக்கோணும்.

உடுமலை காத்து:
இதே இடத்துல என்னோடதையும் கேட்டுக்கறேனுங்க, கோவிச்சுக்காதீங்க. எனக்கு நேரெதிர். வண்டி 'பி'ல தான் நிக்குது, இஞ்சின் ஆஃப் ஆயிருது, ஆனா சாவி கடைசி வரைக்கும் திரும்ப மாட்டேங்குது, ரேடியோ மட்டும் ஓடற ஏசிசி-லயே நின்னுக்குது, உருவ முடியல. ராத்திரி அப்படியே உட்டுட்டுப் படுத்தா காத்தால பேட்டரி காலி.

காங்கயம்காரி:
அண்ணா, மாமனார பின்னாடி நிக்க வெச்சுப் பாத்தாச்சுங்க. மாட்டிக்கற நேரத்துல ஒரு லைட்டும் எரியல. ரெண்டு பக்கமும் இல்ல, மேல கண்ணாடிக்குள்ள இருக்கறதும் இல்ல. 'டிக்'னு சத்தமும் இல்ல. நீங்க கேட்டப்பறம்தான் ஞாபகம் வருது, முன்னெல்லாம் அந்தச் சத்தம் வருமுங்க. லைட்டு போனதுக்கும் லிவருக்கும் என்னங்க சம்பந்தம்?

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:
சம்பந்தமே அதுதான் அம்மணி. லிவருக்குக் கீழ ஒரு சின்ன காந்தச் சுருள் இருக்கு, சொலினாய்டுன்னு சொல்வோம், அது ஒரு பின்னைப் புடிச்சுட்டு நிக்கும். இக்னிஷன் ஆன்ல இருந்து, நீங்க பிரேக் மிதிச்சுருக்கீங்கன்னு அதுக்கு சேதி போனாத்தான் பின்னை இழுத்து லிவரை உடும், அந்த 'டிக்' சத்தம் அதுதான். சரி, கால் பிரேக்குல இருக்குன்னு வண்டிக்கு எப்படித் தெரியும்? பெடலுக்கு மேல ஒரு சுவிச் இருக்கு, பின்னாடி லைட்டு எரிய வெக்கற அதே பிரேக் லைட் சுவிச்தான். அது சொல்லலைன்னா நீங்க கல்லு மேல நிக்கறாப்ல மிதிச்சாலும் வண்டிக்கு நீங்க மிதிக்கல.
மூணு லைட்டும் ஒட்டுக்கா போகுதுன்னா பல்பு இல்ல. மொதல்ல ஃபியூஸ் பாருங்க, ஃபியூஸ் பெட்டி மூடில 'ஸ்டாப்'னு போட்டுருக்கும், அனேகமா 10 இல்லன்னா 15 ஆம்ப். ஆனா உங்குளுது சில நேரம் வேலை செய்யுதுங்கறீங்க, ஃபியூஸ் அப்படி வந்து வந்து போகாது. எனக்குத் தெரிஞ்சு சுவிச்சுக்குள்ள காண்டாக்ட் கரிஞ்சு போச்சு, பத்துல ஒண்ணு ஒட்டுது. சாமான் சில நூறு ரூபாதான், மாத்தறது அரை மணி நேர வேலை.
அதுவரைக்கும் மாட்டிக்கிச்சுன்னா, லிவர் பக்கத்துல தீப்பெட்டிக் குச்சி நீளத்துக்கு ஒரு மூடி இருக்கும், சில வண்டில 'ஷிஃப்ட் லாக்'னு எழுதியிருக்கும். ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, கால் பிரேக்கையும் மிதிச்சுட்டு, அந்த மூடிய நோண்டி எடுத்து உள்ள ஸ்க்ரூ டிரைவரோ சாவி முனையோ வெச்சு அமுக்கிப் புடிச்சுட்டே லிவரை 'என்'க்கு (நியூட்ரல்) இழுங்க, வந்துரும். பேட்டரி சுத்தமா செத்து வண்டியத் தள்ளோணும்னாலும் இதேதான் வழி. மூடி கண்ணுல படலைன்னா வண்டியோட கையேட்டுல படம் போட்டு இருக்கும், ஒண்ணு ரெண்டு வண்டில லிவர் உறையத் தூக்கிப் பாக்கோணும். ஆனா ஒண்ணு, இப்படி எடுத்துட்டு நேரா பட்டறைக்குப் போங்க, பவானிக்குப் போயிராதீங்க. பின்னால வரவனுக்கு நீங்க பிரேக் புடிக்கறதே தெரியாது, அதுலயும் பெருந்துறை பைபாஸ்ல லாரி வர வேகத்துக்கு.

பெருந்துறை லோடு:
எதுக்குங்க இத்தன பாடு. எங்க வண்டில இதே கெரகம் வந்துச்சு, மெக்கானிக்கு அந்தப் பின்னையே அறுத்து வீசிட்டாரு. பிரேக் மிதிச்சாலும் மிதிக்காட்டியும் லிவர் வரும். ரெண்டு வருசமாச்சு, ஒண்ணும் ஆகல.

திருச்செங்கோட்டு வாத்தியார்:
லோடு அண்ணா, தப்பா நெனைக்காதீங்க, அந்தப் பின்னு எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா அறுக்க உட மாட்டீங்க. 1980கள்ல அமெரிக்காவுல அவுடி 5000ன்னு ஒரு காரு, நிக்கற வண்டி தானா சீறிப் பாயுதுன்னு பெரிய கலவரம். வருசக்கணக்கா ஆராய்ஞ்சு 1989ல அரசாங்க அறிக்கை வந்துச்சு, பெரும்பாலும் டிரைவர் பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சதுதான்னு. அதுக்குள்ள அந்தக் கம்பெனியே பிரேக் மிதிக்காம 'பி'ய விட்டு லிவர் வராத மாதிரி பூட்டு போட்டுக் குடுத்துட்டாங்க, பொறவு அல்லாரும் வெக்க ஆரம்பிச்சாங்க. அங்க இப்ப அது சட்டமே, 2010 செப்டம்பர்ல இருந்து செஞ்ச 'பி' இருக்கற சின்ன வண்டி எல்லாத்துக்கும் கட்டாயம். அந்தச் சட்டம் வந்ததும் குழந்தைங்களுக்காகத்தான். பெரியவங்க ஏசியப் போட்டுட்டு எறங்கிப் போயிருப்பாங்க, பையன் முன் சீட்டுக்குத் தாவி லிவரப் புடிச்சு இழுத்தா முடிஞ்சுது. நம்ம தோட்டத்துச் சாளை வாசல்ல வண்டிய இப்படி உட்டுட்டு மோட்டார் போடப் போறதில்லையா நாம?

பெருந்துறை லோடு:
பேரன் ஊட்ல இருக்கான். திரும்ப மாட்ட முடியுமுங்களா அத?

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:
பின்னு மட்டும் தனியா கெடைக்காதுங்க, லிவர் அசெம்ப்ளி பழசு ஒண்ணு உக்கடம் பழைய சாமான் கடைகள்ல தேடிப் பாக்கலாம். அதுவரைக்கும் எறங்கறப்ப சாவிய உருவிக்குங்க, ஹேண்ட் பிரேக்க மறக்காதீங்க.
உடுமலைக்காரரே, உங்குளுது வேற பூட்டு. லிவர் 'பி'ல உக்காந்துருச்சுன்னு லிவருக்குள்ள இருக்கற ஒரு மைக்ரோ சுவிச் சொன்னாத்தான் சாவி கடைசி வரைக்கும் திரும்பும். 'பி'ல போட்டப்பறம் லிவரை முன்னால இன்னும் கொஞ்சம் அமுக்கித் தள்ளிப் புடிச்சுட்டு சாவியத் திருகிப் பாருங்க. வந்துருச்சுன்னா லிவர் முழுசா 'பி'ல போய் உக்காரல, அழுக்கு இருக்கும், இல்லைன்னா சுவிச் தேஞ்சுருக்கும். டீ, காபி ஊத்திச் சக்கரை காஞ்சு புடிச்ச வண்டி நான் எச்சா பாத்துருக்கேன், கப் வெக்கற எடமும் லிவரும் பக்கம் பக்கமாத்தான வெக்கறாங்க. அப்படியும் வரலைன்னா ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் லேசா ஆட்டிட்டே திருகுங்க, சக்கரம் கல்லுல முட்டிட்டு நின்னா ஸ்டீயரிங் பூட்டு சாவியப் புடிச்சுக்கும்.

கோபி வாய்க்கால்:
எனக்கு 'பி'ல வெச்சு ஸ்டார்ட் பண்ணா ஒரு சத்தமும் இல்ல, 'என்'ல வெச்சா ஒடனே ஸ்டார்ட் ஆகுது. இதுவும் பிரேக் லைட்டுதானுங்களா?

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:
இல்லீங்க. லைட்டு எரியுதுன்னா அது கியர்பாக்ஸ் மேல இருக்கற இன்ஹிபிட்டர் சுவிச், இல்லைன்னா லிவர் கேபிள் செட்டிங் நகந்துருக்கு. 'பி', 'என்' ரெண்டுல மட்டும்தான் ஸ்டார்ட்டருக்கு கரண்டு போக உடும் அது. ஒரு சோதனை பண்ணுங்க, காலை பிரேக்குல நல்லா அமுக்கி, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, முன்னாடி ஆள் இல்லாத எடத்துல 'டி'ல வெச்சு சாவியத் திருகுங்க. ஸ்டார்ட்டர் சுத்துச்சுன்னா இன்னைக்கே பட்டறைக்குப் போயிருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. சுத்தலைன்னா இந்த வாரத்துல போனாப் போதும்.

சேலத்து மாங்கா:
எல்லாரும் 'பி' 'பி'ங்கறீங்க, என் வண்டில ஆர், என், டி மட்டும்தான் இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

பொள்ளாச்சி தம்பி:
அண்ணா அது ஏஎம்டி. 2014ல செலேரியோவுல நம்ம நாட்டுக்கு மொதல்ல வந்தது. உள்ள சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்ச மிதிக்கறதும் கியர் மாத்தறதும் மெசினு பண்ணுது, அதனால 'பி' கெடையாது. மேனுவல் வண்டிய நிறுத்தற மாதிரி கியர்லயே வெச்சு ஹேண்ட் பிரேக் போட்டு ஆஃப் பண்ணீரோணும், திரும்ப எடுக்கறப்ப பிரேக் மிதிச்சு 'என்'க்கு வந்து ஸ்டார்ட். இது எனக்கு நெசமாவே தெரியும், ஊட்ல அந்த வண்டிதான்.

வால்பாறை இறக்கம்:
நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். லைட்டு எரியுது, 'டிக்' சத்தம் வருது, ஆனா மேட்டுல நிறுத்துனா மட்டும் 'பி'ல இருந்து எடுக்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுருது, எடுத்தா 'டங்'குனு வண்டியே குலுங்குது. ஆழியாறுல இருந்து மேல வர்ற 40 கொண்டை ஊசில எங்க டீக்கு நிறுத்துனாலும் இதேதான்.

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:
இதுல கரண்டு சமாச்சாரமே இல்லீங்க. 'பி' போட்டா கியர்பாக்ஸுக்குள்ள வெரல் மாதிரி ஒரு இரும்பு பல்லுச் சக்கரத்துல போய் விழுகும், அவ்வளவுதான் 'பி'. நீங்க 'பி' போட்டுட்டு கால எடுத்தீங்கன்னா வண்டி கொஞ்சம் சரிஞ்சு மொத்த பாரமும் அந்த ஒரு இரும்பு மேல உக்காந்துக்குது, எடுக்கறப்ப அது பாரத்தோட உருவி வரோணும், அதுதான் 'டங்'. கால் பிரேக்குலயே இருந்து 'என்'க்கு வாங்க, ஹேண்ட் பிரேக்க நல்லா இழுங்க, கால மெதுவா எடுத்து வண்டி ஹேண்ட் பிரேக்குல சாயட்டும், திரும்ப மிதிச்சு அப்பறம் 'பி' போடுங்க. கெளம்பறப்ப தலகீழா, கால் பிரேக்க மிதிச்சு மொதல்ல 'பி'ய எடுத்துட்டு அப்பறம் ஹேண்ட் பிரேக். பின் சக்கரத்துக்கு ஒரு கல்லும் குடுத்துக்குங்க, மலைல கூச்சப்படக் கூடாது.

உடுமலை காத்து:
அமுக்கித் தள்ளுனா சாவி வந்துருதுங்க. லிவர் உறையத் தூக்கிப் பாத்தா ஒரே பிசுபிசுப்பு, மக ஊத்துன மேங்கோ ஜூஸ். தொடச்சு உட்டுருக்கேன், இப்ப பத்துக்கு எட்டு தடவ அமுக்காமயே வருது. சுவிச்சயும் மாத்தீரலாம்னு இருக்கேன்.

காங்கயம்காரி:
அண்ணா, ஃபியூஸ் நல்லாத்தான் இருந்துச்சு. சுவிச் மாத்தியாச்சு, வேற பட்டறைல, சாமானும் கூலியும் சேத்து ஆயிரத்துக்குள்ளதான். லிவர் இப்ப சொன்ன சொல் கேக்குது. ஆனா புதுசா ஒண்ணு, ஊட்டுக்கு வந்து நிறுத்திப் பூட்டுனப்பறமும் பின்னாடி செவப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருக்குதுங்க, பேட்டரி ஒயரக் கழட்டி வெச்சுருக்கேன். இன்னொன்னு, பிரேக் தொடாமயே லிவர் வருது!

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:
ரெண்டும் ஒரே காரணம்தான் அம்மணி, பயப்பட வேண்டாம். மிதிக்காதப்ப பெடல் மேல தூக்கி நின்னு சுவிச்சோட மூக்க அமுக்கிட்டு இருக்கும், அப்ப லைட்டு ஆஃப். மிதிச்சா பெடல் வெலகும், மூக்கு வெளிய வரும், லைட்டு எரியும். உங்குளுதுல சுவிச்ச கொஞ்சம் தள்ளி மாட்டிட்டாங்க, மூக்கு அமுங்கல, நீங்க எந்நேரமும் மிதிச்சுட்டு இருக்கறதா வண்டி நெனச்சுக்குது. சுவிச்ச பெடல் பக்கமா இன்னும் கொஞ்சம் கொண்டு வந்து இறுக்கோணும், மாட்டுனவரே அஞ்சு நிமிசத்துல பண்ணிக் குடுப்பாரு. ரொம்பவும் ஒட்டி வெச்சுறக் கூடாது, பெடல் முழுசா மேல வராம பிரேக் லேசா ஒரசிட்டே ஓடும், அதையும் பாக்கச் சொல்லுங்க.
போறதுக்கு முன்னாடி பெடலுக்குக் கீழ மேட்ட ஒருக்கா தட்டிப் பாருங்க. மொறுமொறுன்னு பிளாஸ்டிக் துணுக்கு ஏதாச்சும் கெடக்குதா? மூக்கு வந்து முட்டற எடத்துல பெடல் கம்பில ஒரு ஓட்டை இருக்கும், அதுல சின்ன ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒரு பொட்டு வெச்சுருப்பாங்க. வருசம் ஆக ஆக அது நொறுங்கி உழுந்துரும், மூக்கு ஓட்டைக்குள்ள போயிரும், அப்ப சுவிச்ச எத்தன நகத்தி வெச்சாலும் லைட்டு அணையாது.

காங்கயம்காரி:
மேட்டுல பச்ச கலருல நாலஞ்சு துண்டு கெடந்துச்சுங்க! பசங்க பொம்மை ஒடஞ்சதுன்னு பெருக்கித் தள்ளிட்டேன்.

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்:
அதேதான். அப்ப சுவிச் செட்டிங் மேல தப்பு இல்ல. பெடல் ஸ்டாப்பர்னு கேளுங்க, அம்பது நூறு ரூபாக்குள்ள வரும், மாடல் சொல்லி வாங்குங்க. கெடைக்கற வரைக்கும் அவசரத்துக்கு அந்த ஓட்டைல சின்ன போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கீட்டா மூக்கு அது மேல முட்டிக்கும், பவானி போயிட்டு வந்து மாத்திக்கலாம். கெளம்பறதுக்கு முன்னாடி மாமனார ஒருக்கா பின்னாடி நிக்கச் சொல்லுங்க, மிதிச்சா எரியோணும், உட்டா அணையோணும்.