ஸ்டன்டிங்: ‘வளர்ச்சி குன்றல்’ வேண்டாம், ‘உயரக்குன்றல்’ என்போம்

வணக்கம் நண்பர்களே,

ஸ்டன்டிங் (வயதுக்கேற்ற உயரம் இல்லாமை), வேஸ்டிங் (உயரத்துக்கேற்ற எடை இல்லாமை), அண்டர்வெயிட் (வயதுக்கேற்ற எடை இல்லாமை) மூன்றுக்கும் தமிழில் ‘ஊட்டச்சத்துக் குறைபாடு’ என்ற ஒரே சொல் போதும் என்று இந்த இழையில் இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே சொல்லில் அடைத்தால் மாநிலங்களுக்கு இடையே உள்ள வேறுபாடே மறைந்துபோகும்.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வை (2019-21) எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் மேகாலயாவில் 46.5 சதவீதம். நாட்டிலேயே அதுதான் அதிகம். கேரளத்தில் 23.4. சரி, உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்களைப் பார்த்தால்? மேகாலயாவில் 12.1, கேரளத்தில் 15.8. வரிசையே தலைகீழாகிவிடுகிறது. குஜராத்தில் இரண்டுமே மோசம்: 39, 25.1.

காரணங்களும் ஒன்றல்ல. உயரம் குன்றுவது தாயின் வயிற்றில் தொடங்கி முதல் இரண்டு ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடப்பது. தாயின் ஊட்டம், அடிக்கடி வரும் நோய்த்தொற்று எல்லாம் அதில் சேரும். உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் போவதோ பெரும்பாலும் அண்மையில் வந்த பட்டினியையோ வயிற்றுப்போக்கையோ காட்டும். எந்த மாவட்டத்தில் எதற்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும்.

இனி சொற்கள். ஸ்டன்டிங்குக்கு ‘குள்ளத்தன்மை’யைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். அது குழந்தையின் மேல் ஒட்டும் பட்டம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அளவுகோலில், வயதுக்கான இடைநிலை உயரத்திலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கும் (அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் புள்ளியியல் அலகு) கீழே இருந்தால் ஸ்டன்டிங் என்று கணக்கு. நன்றாக வளரும் சமூகத்திலும் நூற்றில் இரண்டு குழந்தைகள் அங்கே இருப்பார்கள். அதனால் ஒரு குழந்தையைப் பற்றிய தீர்ப்பாக இல்லாமல் ஓர் ஊரின் நிலையைச் சொல்லும் சொல்லாக அது இருக்க வேண்டும்.

செய்தித்தாள்களில் வரும் ‘வளர்ச்சி குன்றல்’ எனக்குப் பாதி பிடிக்கிறது. ‘குன்றல்’ அருமையான சொல். வரவேண்டியது வராமல் போனதை அது சொல்லிவிடுகிறது. சிக்கல் ‘வளர்ச்சி’யில்தான். எடையும் வளர்ச்சிதானே? போதாக்குறைக்கு ‘மனவளர்ச்சி குன்றிய’ என்ற பழைய வழக்கு வேறு நினைவுக்கு வருகிறது. ஆகவே ‘உயரக்குன்றல்’. ‘உயரம் குன்றிய குழந்தைகள்’ என்று இயல்பாக விரியும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் படுக்க வைத்து நீளமாகத்தானே அளக்கிறோம் என்று கேட்கலாம். அதற்காகச் சொல்லை மாற்றத் தேவையில்லை என்பது என் கருத்து.

வேஸ்டிங்குக்கு ஒரு நண்பர் ‘சவலை’யைத் தந்திருந்தார். படித்ததும் மகிழ்ந்துபோனேன். அடுத்த பிள்ளை உண்டானதால் தாய்ப்பால் கிடைக்காமல் வாடும் குழந்தைக்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் அது. கானாவின் கா மொழியிலிருந்து மருத்துவத்துக்கு வந்த ‘குவாஷியார்கர்’ என்ற ஊட்டக்குறைவு நோயின் பெயரிலும் இதே எண்ணம்தான் இருக்கிறது. ஆனால் அந்த அருமையே இங்கே தடை. சவலை என்றதும் காரணமும் கூடவே வந்துவிடுகிறது. ஆய்வின் அட்டவணையில் இருப்பதோ உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற அளவு மட்டும். காரணத்தை அதற்குப் பிறகுதான் தேட வேண்டும். எனவே அட்டவணைக்கு ‘மெலிவு’. சவலையைக் கட்டுரைகளில் தாராளமாகப் புழங்குவோம்.

அண்டர்வெயிட் ‘எடைக்குறைவு’தான், அதில் விவாதம் வேண்டாம்.

அப்புறம், தீராத ஒன்று. ‘சிவியர்’, ‘அக்யூட்’ இரண்டுக்குமே ‘தீவிர’ என்று எழுதிவருகிறோம். ‘மால்நியூட்ரிஷன்’ (ஊட்டச்சத்துக் குறைபாடு) என்ற சொல்லோடு ‘சிவியர் அக்யூட் மால்நியூட்ரிஷன்’ என்று மூன்றும் சேர்ந்து வரும்போது தமிழில் திணற வேண்டியிருக்கிறது. உயரத்துக்கேற்ற எடை மூன்று திட்ட விலக்கத்துக்கும் கீழே போனால் ‘கடும் மெலிவு’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘அக்யூட்’டுக்கு, குறுகிய காலத்தில் வந்தது என்ற பொருளில், என்ன சொல்லலாம்? மருத்துவமனைகளில் பணிபுரியும் நண்பர்கள் எழுதுங்கள்.

அன்புடன்