ஒரு கொலைக்காக உலகப்போரா?

கேள்வி:
முதல் உலகப்போர் பத்தி படிக்கிறப்பல்லாம் குழப்பம்தான். 1914 ஜூன் 28, சரயேவோல ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டை 19 வயசுப் பையன் ஒருத்தன் சுட்டான், சரி. அதுக்கு ஜெர்மனி ஏன் பெல்ஜியத்துக்குள்ள போகணும்? மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போட்ட மாதிரி இருக்கே.

பதில்:
ப்ரோ, அந்த குண்டு வெறும் தீக்குச்சி, வைக்கோல்போர் ஏற்கெனவே காஞ்சு கெடந்துச்சு. கொலைக்குப் பின்னாடி பக்கத்து நாடு செர்பியாதான் இருக்குன்னு சொல்லி ஆஸ்திரியா அதை அடிக்குது, செர்பியாவுக்கு ரஷ்யா சப்போர்ட், ரஷ்யாவுக்கு பிரான்ஸ் கூட்டாளி. ஜெர்மனிக்கு ரெண்டு பக்கமும் எதிரி, அதனால ரஷ்யா ஆள் தெரட்டி முடிக்கிறதுக்குள்ள பிரான்ஸை சாச்சிடணும்னு முன்னாடியே பிளான் போட்டு, எந்த ரயில் எப்ப கெளம்பணும்ங்கிற வரைக்கும் எழுதி வச்சிருந்தாங்க, பிரான்ஸ் எல்லைல வரிசையா கோட்டைங்க இருந்ததால பெல்ஜியம் வழியா சுத்திப் போறதுதான் அந்த பிளானே. ஆகஸ்ட் 4 உள்ள நுழைஞ்சாங்க, அன்னைக்கே பிரிட்டனும் எறங்கிடுச்சு.

பதில்:
அண்ணே, கூட்டணி மேலயே பழியப் போடாதீங்க. இத்தாலியும் ஜெர்மனி கூட்டணிதான், 1914ல நைசா ஒதுங்கிட்டு 1915ல எதிர்ப்பக்கம் போயிடுச்சு. ஆஸ்திரியா என்ன பண்ணாலும் கூட நிப்போம்னு ஜூலைல ஜெர்மனி கொடுத்த தைரியம்தான் மெயின்னு நான் சொல்வேன்.

கேள்வி கேட்டவர்:
இத்தாலி மேட்டர் தெரியாதுங்க! அப்ப போர் முடிஞ்சு தோத்த ஜெர்மனி மேல போட்ட வெர்சாய் ஒப்பந்தம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்துச்சுங்கிறது?

பதில்:
பாதிதான் உண்மை. 1921ல ஜெர்மனி மேல 13,200 கோடி தங்க மார்க் (ஜெர்மன் பணம்) நஷ்டஈடு போட்டாங்க, அந்தக் கடுப்பு இருந்துச்சு. ஆனா 1928 தேர்தல்ல ஹிட்லரோட நாஜி கட்சிக்கு 3 சதவீதம்கூட விழல. 1929ல உலகப் பொருளாதாரம் படுத்து, லட்சக்கணக்கானவங்க வேலையில்லாம நின்னப்புறம்தான் 1932 ஜூலைல 37 சதவீதம்.