அம்மா கையில் ஒட்டிய சுகர் சென்சார் நடுராத்திரியில் லோ காட்டுகிறது, நம்பலாமா?

காசிமேட்டுப் பையன்:
அம்மாவுக்கு 61 வயது, காசிமேட்டில் மீன் விற்கிறார், இரண்டு வருஷமாக இன்சுலின். போன வாரம் டாக்டர் சொல்லி இடது மேல்கையில் 14 நாள் சென்சார் ஒட்டினோம். மூன்று ராத்திரியாக ஒரு மணி வாக்கில் போனில் அலாரம் அடித்து 58, 61 என்று காட்டுகிறது. முதல் நாள் பயந்துபோய் எழுப்பிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், எண் ஏறவில்லையே என்று இன்னொரு டம்ளரும் கொடுத்தேன், காலையில் 240. நேற்று விரலில் குத்திப் பார்த்தால் 104. வியர்வை, படபடப்பு எதுவும் இல்லை, "தூங்க விடுடா" என்கிறார், விடியுமுன் மீன் எடுக்கப் போகிறவர். இதற்கு நடுவில் தெருவில் ஒருவர், ஊசியே இல்லாமல் சுகர் காட்டும் வாட்ச் 2,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். இதைக் கழற்றிவிட்டு அதை வாங்கலாமா?

ராயபுரம் லேப் அக்கா:
தம்பி, அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார் என்று பாருங்கள். சென்சார் உள்ள கைமேலேயே படுத்தால் அந்த இடம் அழுந்திப்போய், சுகர் இறங்காமலே இறங்கியதுபோலக் காட்டும். கிராஃபில் கோடு சடாரென்று விழுந்து, புரண்டு படுத்ததும் அதேபோல ஏறியிருந்தால் அனேகமாக இதுதான்.

அது ரத்தத்தைப் பார்ப்பதில்லை. தோலுக்கடியில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு மயிரிழை மாதிரி ஒரு கம்பி போகிறது, அதில் க்ளூகோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் இருக்கும், செல்களுக்கு நடுவே உள்ள நீரில் இருக்கும் சுகர் அதில் பட்டதும் துளி மின்சாரம் உண்டாகும், அதைத்தான் எண்ணாக்குகிறார்கள் (என்சைமை மின்முனையோடு சேர்க்கும் வழியை அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் 1962லேயே சொல்லிவிட்டார்). ரத்தத்தில் ஏறிய சுகர் அந்த நீருக்கு வந்துசேரவே ஐந்து பத்து நிமிஷம் ஆகும். நீங்கள் இரண்டாவது டம்ளர் கொடுத்தது அந்த இடைவெளியில்தான்.

எர்ணாவூர் செல்வம்:
ராத்திரி அலாரத்தை அணைத்துவிடுங்கள், பகலில் பார்த்தால் போதும்.

ராயபுரம் லேப் அக்கா:
அணைக்கவே கூடாது அண்ணா! இன்சுலின் போடுகிறவருக்குத் தூக்கத்தில் நிஜமாகவே இறங்கலாம், உடம்பு காட்டிக்கொடுக்காமலும் போகலாம். அடித்தால் எழுந்து விரலில் குத்திப் பாருங்கள், 70க்குக் கீழ் இருந்தால் உடனே சர்க்கரை கொடுத்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்துங்கள். ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்கு அடியுங்கள்.

திருவொற்றியூர் மணி:
அந்த வாட்சை வாங்காதீர்கள். என் அப்பாவுக்கு ஒன்று வாங்கினேன். சாப்பாட்டுக்கு முன்னால் 112, நாலு இட்லி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து 114. அதே நேரங்களில் விரலில் குத்தி ஸ்ட்ரிப்பில் பார்த்தால் 131, அப்புறம் 246. அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நடுக்கம் வருகிறது. தோலைத் துளைக்காமல் சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

காசிமேட்டுப் பையன்:
அக்கா சொன்னது சரி. அம்மா எப்போதும் சுவரைப் பார்த்து, இடது கைமேல்தான் படுக்கிறார். பழக்கத்தை மாற்றச் சொன்னால் தூக்கம் வராது என்றார், அதனால் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டேன், இப்போது அதே சுவரைப் பார்த்தால் வலது பக்கம். நேற்று ராத்திரி அலாரம் அடிக்கவில்லை, கிராஃபில் பள்ளமும் இல்லை. ஸ்ட்ரிப் டப்பாவும் சர்க்கரை டப்பாவும் என் தலைமாட்டிலேயே இருக்கின்றன. வாட்ச்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.