நேரில் கண்ட மனிதரைக் கதையில் எழுதினால் ஏன் ‘சினிமா அண்ணன்’ ஆகிவிடுகிறார்?

உப்புவெளி வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். நான் சிறுகதை எழுதிப் பழகுபவன். தங்கைமார் இருவருக்கும் சீதன வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு மேசனைப் பற்றி அண்மையில் ஒரு கதை எழுதி, நண்பர்கள் சிலரிடம் வாசிக்கக் கொடுத்தேன். பேசி வைத்துக்கொண்டவர்கள் போல எல்லோரும், “இந்த அண்ணனை எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டோம்” என்றே சொன்னார்கள். ஆனால் அந்த அண்ணன் நான் நேரில் அறிந்தவர். வீடு சீதனமாகப் பெண்ணோடு போவது வழக்கமாக உள்ள நம் கிழக்கிலங்கையில், ஊருக்கு ஊர் இப்படி ஒருவராவது இருப்பார் என்றே நினைக்கிறேன்.

என் கேள்வி இதுதான். கதைகளும் படங்களும் திரும்பத் திரும்பக் காட்டும் தியாக அண்ணன், ஏமாற்றப்பட்ட பெண், தனித்து நின்று பிழைப்பவன் முதலிய வார்ப்புகளுக்கும் நம்மோடு வாழும் மனிதர்களுக்கும் உள்ள உறவு என்ன? உண்மையிலேயே வார்ப்பைப் போல வாழும் ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவரைப் பொய்யாகத் தோன்றாமல் எழுதுவது எப்படி?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, வார்ப்பு என்பதை முதலிலேயே குற்றமாகக் கொள்ள வேண்டாம். அகத்திணைப் பாடல்களில் வரும் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாந்தரை வைத்துக்கொண்டே சங்கப் புலவர்கள் அத்தனை அகப்பாடல்களையும் பாடினார்கள். அவற்றில் ஒன்றைப் போல மற்றொன்று இல்லை.

குறுந்தொகையின் 25ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். ‘ஏமாற்றப்பட்டுவிடுவேனோ’ என்று அஞ்சும் பெண்ணை விடப் பழைய வார்ப்பு எது? ஆயினும் அவளும் அவனும் கூடிய பொழுதில் வேறு சாட்சி எவரும் இல்லை என்றும், ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்து நின்ற, தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களை உடைய ஒரு குருகு மட்டும் இருந்தது என்றும் கபிலர் அவளைச் சொல்ல வைக்கிறார். பறவையின் கவனமெல்லாம் மீனில் இருக்கிறது. அந்தக் கால்கள் வரை நினைவில் வைத்திருக்கும் பெண்ணை எவரும் ‘பார்த்துப் பழகிய பாத்திரம்’ என்று ஒதுக்கிவிட முடியாது. உங்கள் மேசனுக்கு அப்படிப்பட்ட ஒரு குருகு வேண்டும்.

கூத்திலும் இதே நியாயம்தான். சட்டம் கொடுக்கும்போது, அதாவது வேடங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும்போது, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளின் குரலையும் உடல்வாகையும் பார்த்தே அரசன் யார், கட்டியகாரன் யார் என்று தீர்மானிப்பார். கூத்துக் களரியில் அரசனாக ஆடியவரை அதன் பின்பு ஊரே அந்தப் பெயரால் அழைப்பதும், அவர் கடைத்தெருவில் நடக்கும் நடையே மாறிவிடுவதும் நான் கண்டவை. வாழ்க்கையிலிருந்து எடுத்த வார்ப்பு இப்படி வாழ்க்கைக்குள் மீண்டும் வந்துவிடுகிறது. உங்கள் மேசனும் அவருடைய இளமையில் தியாக அண்ணன்மாரைத் திரையில் பார்த்திருக்கக்கூடும் அல்லவா?

மூதூர்க் கரை:

நண்பரே, எங்கள் கரையிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவுக்கு வந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவரும், அவருடைய 19 வயது மகன் றொபேட் நொக்ஸும், கப்பலாட்கள் சிலரும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களால் சிறைப்பிடிக்கப்பட்டார்கள். தந்தை அடுத்த ஆண்டே இறந்துபோக, மகன் 1679இல் தப்பி, அரிப்பு என்னும் ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் அவருடைய நூல் லண்டனில் வெளிவந்தது. டானியல் டிஃபோ இந்த வரலாற்றை அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை; 1720இல் வெளிவந்த தமது நாவல் ஒன்றில் அதைச் சுருக்கித் தந்திருக்கிறார். அதற்கு முந்திய ஆண்டில் அவர் படைத்த றொபின்சன் குரூசோவுக்கு, தீவொன்றில் தனித்து வாழ்ந்த செல்கேர்க் என்னும் மாலுமியோடு நொக்ஸும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

இப்போது இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரூசோ ஆளில்லாத் தீவில் தனக்குத் தானே அரசன். நொக்ஸோ, கைதியாயினும் ஊருக்குள் ஊரவரோடு வாழ்ந்தவர். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், ஊர் ஊராகச் சென்று வியாபாரம் செய்தார். ஒரு நாள் அவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த முதியவர் ஒருவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்று இருப்பது தெரியவந்தது. கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்துவிட நொக்ஸ் துடித்தார். கூட இருந்த பையனோ, ஆசையைக் காட்டிக்கொண்டால் விலை ஏறிவிடும் என்று தடுத்தான். முடிவில் பின்னிய தொப்பி ஒன்றுக்கு அந்த நூல் கைமாறியது. ‘தனித்து நின்று பிழைப்பவன்’ என்ற வார்ப்பில் அந்தப் பையனுக்கும் முதியவருக்கும் இடமே இல்லை. உங்கள் மேசனைச் சுற்றி எவரையெல்லாம் கதையிலிருந்து நீக்கினீர்கள் என்று பாருங்கள். குறை அங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

கிண்ணியா ஆசிரியை:

சகோதரருக்கு, வார்ப்பு எழுத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்ற பெண்கள் ஏராளம். கதைகளில் அவர்களுக்கு இரண்டே வேடங்கள்: கொடுமைக்கு ஆளாகித் திரும்பும் அபலை, அல்லது பிள்ளைகளை விட்டுச் சென்று குடும்பத்தைச் சீரழித்தவள். முதலாவது பொய்யென்று நான் சொல்லவில்லை. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2013 ஜனவரியில் சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்கு உள்ளானதை இங்கு எவரும் மறக்க மாட்டோம். இரண்டாவது வேடமோ சட்டத்திலேயே ஏறிவிட்டது. அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள தாய்மார் பணிப்பெண்ணாகச் செல்வதைத் தடுத்தது. அதே வயதுப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கையை எவரும் கேட்கவில்லை.

நான் அறிந்த அந்தப் பெண்கள் குரல்பதிவில், எந்த அறைக்கு எத்தனை புளொக் கல், மேசனுக்கு இதுவரை கொடுத்த கூலி எவ்வளவு, மீதிச் சீமெந்து மூட்டைகள் யார் வீட்டில் கிடக்கின்றன என்று அங்கிருந்தபடியே கணக்குக் கேட்பவர்கள். அழுகையும் உண்டு, கணக்குக் கேட்டு முடித்த பிறகு.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணன் கட்டிக் கொடுத்த வீட்டைப் பற்றி அந்தத் தங்கைமார் என்ன நினைக்கிறார்கள்? உங்கள் கதையில் அவர்கள் வாய் திறக்கிறார்களா?

உப்புவெளி வாசகன்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: என் கதையில் தங்கைமார் இருவரும் கல்யாண வீட்டில் அண்ணனின் காலில் விழுந்து அழுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

உண்மையில் நடந்தது வேறு. இளைய தங்கை, குசினியின் சன்னலைக் கிணற்றுப் பக்கம் வைக்க வேண்டும், பிள்ளை குளிப்பதை அடுப்படியில் நின்றே பார்க்கலாம் என்று கேட்டாள். அண்ணனோ மழைச் சாரல் அடிக்கும் என்று மறுத்து, மறுபக்கத்தில் நிலையை நிறுத்திவிட்டார். “காசு என்னுடையது, கட்டுகிற கையும் என்னுடையது” என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். அவள் பல நாட்கள் அவரோடு பேசவில்லை. குடிபுகுந்த பிறகு வேறொரு மேசனை அழைத்து, கிணற்றுப் பக்கச் சுவரை உடைத்துச் சன்னல் வைத்துக்கொண்டாள். இவ்வளவும் தெரிந்திருந்தும், அவருடைய தியாகத்துக்குக் குறைவு வந்துவிடும் என்று எண்ணி அதை எழுதாமல் விட்டேன்.

கல்யாணக் காட்சியை முழுவதுமாக எடுத்துவிட்டு, சுவரை உடைக்கும் நாளிலிருந்து கதையைத் தொடங்கப்போகிறேன். அண்ணன் அன்று அங்கே வந்தாரா என்பதை இளைய தங்கையிடமே கேட்க வேண்டும். எழுதி முடித்ததும் இங்கே பதிவிடுகிறேன். முதலில் ஆசிரியை வாசித்துச் சொல்ல வேண்டும்.