ஊருணி வரத்துக்கால் தேட ஆள் வேண்டும் (காரைக்குடி – கானாடுகாத்தான் பக்கம்)

வணக்கம். பகலில் கம்பெனிக்கு கோடிங், ராத்திரி ஊர் வேலை. நம்ம பக்கத்து ஊருணிகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்) ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஊருணி செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்துவிடுகிறது, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்தான் சிக்கல். பாதி தூரம் சீமைக்கருவேலம், மீதி மேல் சிமெண்ட் ரோடு. எங்கள் தெரு ஊருணியில் படித்துறைக் கல் அப்படியே இருக்கிறது, தண்ணீர் வரும் வாயில்தான் பாட்டில் குப்பை.

வீட்டில் வழி தெரிந்த அப்பத்தா, ஐயா யாராவது இருந்தால் கேட்டு, அந்தப் பாதையில் நடந்து, நடந்த வழியை ஜிபிஎஸ்ஸில் பதிந்து ஜிபிஎக்ஸ் கோப்பாக அனுப்புங்கள். ஆப் எல்லாம் வேண்டாம் சாமி, யாரும் இறக்க மாட்டார்கள்.

இன்னொன்று: புலப்படத்தை (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் சரியான இடத்தில் பொருத்தத் தெரிந்தவர்கள் உண்டா? எனக்கு எல்லைக்கல் தள்ளித் தள்ளி விழுகிறது. வரத்துக்காலை மீட்கச் சொல்லி சர்வே எண்ணோடு மனு கொடுத்தால்தான் அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாது. ஐப்பசி மழைக்குள் கொடுத்தாகணும்.